பெனினுக்குப் போகாத கட்டில்கள்

"அன்ரி, நல்ல திட்ட அறிக்கை எப்பிடி எழுதுறது?" என்று போன கிழமை, தொண்டு வேலை பழக வந்திருக்கிற உங்களில் ஒரு பிள்ளை கேட்டது. எனக்குத் தெரியாது, ராசாத்தி. ஓய்வு பெறும்வரை எழுதித் தள்ளினேன். எழுதியதில் ஒன்றையாவது திரும்ப வாசிக்க எனக்கே பொறுமை இருந்ததில்லை. அதைப் பழக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். உதவி செய்யப் போன இடத்தில், எதிரில் இருக்கிறவர் "மிக்க நன்றி" என்று சொல்லும்போது உங்கள் வயிற்றுக்குள் கொஞ்சம் பயம் வர வேண்டும். அந்தப் பயம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். பேனையை வையுங்கள், குறித்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

நான் இந்த வேலைக்கு வந்தது 2009இல். அதற்கு முன் ஒரு காப்புறுதிக் கந்தோரில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தேன். பாரிசில், லா சப்பலில், எங்கள் தமிழ்க் கடைகளுக்குப் பின்தெருவில், முதலாம் மாடியில் ஒரு சின்னச் சங்கம். பாரிசுக்கு வடக்கேயுள்ள ஒரு புறநகரையும் பெனின் நாட்டில் ஒரு சிறிய பட்டணத்தையும் நண்பர்களாக வைத்திருப்பது அதன் வேலை. பெனின் மேற்கு ஆபிரிக்காவில், கடலோரத்தில் தொடங்கி வடக்கே ஒடுங்கலாக நீண்டு கிடக்கிற நாடு. பிரெஞ்சு பேசுவார்கள். அங்கே ஒரு கிணறு, ஒரு பள்ளிக்கூடக் கூரை, பிறகு ஒரு பிரசவ நிலையம் என்று இரண்டு பக்கமும் சேர்ந்து செய்துகொண்டிருந்தோம். என் உத்தியோகப் பெயர் இணைப்பாளர். செய்த வேலை விமானச்சீட்டு எடுப்பது, கூட்டத்துக்குக் கதிரை போடுவது, கோபித்துக்கொண்டவர்களைத் தனித்தனியாகக் கோப்பி குடிக்கக் கூட்டிக்கொண்டு போவது.

அந்த வருடம் லா சப்பல் எப்படி இருந்தது என்று வீட்டில் கேளுங்கள். ஊரில் போர் முடிந்து சனம் வவுனியா முகாமுக்குள் கிடந்தது. இங்கே நல்ல மனமுள்ள பிரெஞ்சுக்காரர் சிலர் எங்களுக்கென்று சாமான் சேர்த்தார்கள். ஒரு நாள் ஒரு வான் நிறையக் குளிர்கால ஜக்கெற்றுகள் வந்து இறங்கின. வவுனியா வெயிலுக்குக் கம்பளி ஜக்கெற்! நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வரிசையில் நின்று கைகொடுத்து "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னோம். கொண்டுவந்தவர்கள் கண்கலங்கிப் போனார்கள். இது வேண்டாம், மருந்து தாருங்கள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடையெல்லாம் வைத்து நடத்துகிற, வாய் பெருத்த சனம் நாங்கள். எங்களுக்கே வரவில்லை.

சங்கத்தில் எனக்கு முன் இணைப்பாளராக இருந்த மனிசி, போகும்போது ஒரு விஷயம் சொல்லித் தந்தா. "கூட்டத்தில் கதைக்கிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்காதே. பக்கத்தில் பேசாமல் இருக்கிறவரின் கையைப் பார்." பெரிய தத்துவம் என்று நினைத்துச் சொல்லவில்லை. சிகரெட் பற்றவைத்துக்கொண்டு, படியில் இறங்கியபடி சொன்னா.

இனிக் கட்டில் கதைக்கு வருகிறேன். எங்கள் சங்கத் தலைவி மதாம் லூசி, ஓய்வுபெற்ற பிரசவ மருத்துவர். தங்கமான மனிசி, ஆனால் ஒன்று பிடித்தால் விடமாட்டா. நான் வேலைக்கு வந்து சில வருடங்களுக்குப் பிறகு, புறநகரில் ஒரு பிரசவ விடுதியைப் புதுப்பித்தபோது பழைய பிரசவக் கட்டில்களைக் கழித்துவிட்டார்கள். பழையது என்றால் எங்கள் கண்ணுக்குப் புத்தம்புதுசு. உயரமான கட்டில், பொத்தானை அழுத்தினால் ஏறும், இறங்கும், கால் வைக்க இரண்டு பக்கமும் தாங்கி. பெனின் பிரசவ நிலையத்துக்கென்று லூசி ஓடியோடி அவற்றைக் கேட்டு வாங்கினா. எங்கள் தொண்டர் ழெரார், முன்பு மின்சார வேலை செய்தவர், அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு களஞ்சியத்தில் இருந்து ஒவ்வொரு மோட்டாராகக் கழற்றித் திருத்தினார். துருவைத் தேய்த்து மினுக்கினார். நான் போய்ப் பார்த்தபோது குழந்தையைக் காட்டுகிற மாதிரித் துணியை விலக்கிக் காட்டினார்.

வசந்தத்தில் பெனினிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அந்தப் பட்டணத்து மேயர், மொசியே தோசு. மற்றவர் பிரசவ நிலையத்துத் தலைமை மருத்துவிச்சி, மதாம் அஃபியாவி. வந்த காரியம், பின்னேரம் பக்கத்து மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் உடன்படிக்கையில் கையெழுத்து வைப்பது. வைத்தால் கட்டில்கள் கப்பலேறும். காலையில் எங்கள் கந்தோரில் லூசி படங்களைக் காட்டி விளக்கினா. மேயர் எழும்பி நின்று அழகாக நன்றி சொன்னார். அஃபியாவியும் "மிக்க நன்றி, மதாம், மிக்க நன்றி" என்று சிரித்தா. நல்ல சிரிப்பு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசை சொல்லியிருந்தேன், என் யோசனையெல்லாம் அதில்தான்.

சாப்பாடு கீழே எங்கள் ஆட்களின் கடையில். முதலாளியை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஆபிரிக்காவிலிருந்து விருந்தாளி என்றதும் அண்ணை தானே பரிமாற வந்துவிட்டார். சோறு, இறால் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. அஃபியாவி முதல் தட்டை விருப்பமாகச் சாப்பிட்டா. அண்ணை திரும்ப வந்தார். அவ தட்டுக்கு மேல் உள்ளங்கையை விரித்து, "காணும், மெர்சி" என்றா. அண்ணை கைக்குப் பக்கத்தால் ஒரு அகப்பை சோற்றை வைத்தார். எங்கள் வழக்கம் தெரியும்தானே. அவ அதையும் சாப்பிட்டா. அண்ணை மூன்றாம் தரம் வந்தார்.

"அண்ணை, விடுங்கோ. அவ உண்மையாத்தான் காணும் எண்டவா," என்றேன்.

"உனக்கென்ன தெரியும் தங்கச்சி? வேண்டாம் எண்டிறவைக்குத்தான் வடிவாப் போட வேணும். கூச்சப்படுகினம், பாவம்," என்று சொல்லிக் குழம்பையும் ஊற்றினார்.

அஃபியாவி சிரித்தா. "மிக்க நன்றி, மொசியே." சிரித்துக்கொண்டே மேசைக்குக் கீழே இடது கையால் இடுப்புத் துணியின் முடிச்சைத் தளர்த்தினா. நான் பக்கத்தில் இருந்தேன், அந்தக் கையைப் பார்த்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். காலையில் கட்டில் படங்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. ஒரு இழை கூட மாறவில்லை. நான் என் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினேன்.

காற்று வாங்குவோம் என்று அவவைக் கடையின் பின்முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் பிரெஞ்சில்தான் கதைத்தோம். ஆனால் எனக்கு ஞாபகத்தில் நிற்பதெல்லாம் என் தமிழில்தான். அப்படியே சொல்கிறேன்.

"கட்டில் பிடிச்சிருக்கோ எண்டு நான் கேக்கேல்லை," என்றேன். "உங்கட அறையிலை ஒரு பிள்ளை எப்பிடிப் பிறக்கும்?"

அவ இடுப்பு முடிச்சைத் திரும்பக் கட்டினா. பிறகு சொன்னா. அங்கே பெண்கள் தாழ்ந்த கட்டிலில் குந்தியிருந்துதான் பெறுவார்கள். தாயோ மாமியோ பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொள்வார். வலி வரும்போது சாய்வது அந்த நெஞ்சில். பின்னால் ஆள் இருக்கலாம் என்று அஃபியாவி அனுமதித்த பிறகுதான் பெண்கள் வீட்டில் பெறுவதை விட்டு நிலையத்துக்கு வரத் தொடங்கினார்கள். உயரக் கட்டிலில் தனியாகக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்க ஒருத்தியும் வரமாட்டாள். வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

"போன மழைக்கு ஒருத்தியை வீட்டிலையிருந்து தூக்கிக்கொண்டு வந்தவை. பிந்திப்போச்சு. ரெண்டு பேரும் செத்துப்போயிட்டினம். தாயும் பிள்ளையும்."

"அப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"அடுப்படி," என்றா. "கூட வாற மாமிமார் மரத்துக்குக் கீழை கல்லு வைச்சுச் சமைக்கினம். மழை வந்தா அடுப்பு எரியாது. பசியோடை எத்தினை நாள் இருக்கிறது? பிள்ளைத்தாச்சியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிடுவினம். ஒரு கூரை, ஒரு தண்ணிக் குழாய். அவ்வளவுதான்."

யாழ்ப்பாணத்தில் பெரியாஸ்பத்திரிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போன எனக்கு இதை ஒருவர் விளக்க வேண்டுமா? கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "இதைக் காலமை சொல்லியிருக்கலாமே!" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அவ கோபிக்கவில்லை. "கட்டில் வருது எண்டு மேயர் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டார். அது ஒண்டு. மற்றது, நான் வேண்டாம் எண்டு சொன்னா, நீங்கள் பிறகும் வருவீங்களோ?"

கிணறு, கூரை என்று நாங்கள் போனதெல்லாம் எதையாவது கொண்டுதான். ஒன்றும் வாங்காதவர் வீட்டுக்கு நாங்கள் போனதில்லை. அவ கேட்டது நியாயமான கேள்வி. சங்கத்தின் சார்பில் பதில் சொல்ல எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. தலைவி லூசி, பொருளாளர் வேறொருவர், நான் கதிரை போடுகிறவள். ஆனாலும் வாய் திறந்து, "வருவன்" என்றேன். வருவோம் என்று சொல்ல முடியவில்லை. வருவன் என்றுதான் வந்தது.

"நீங்கள் லூசிட்டைச் சொல்லாதேங்கோ," என்றா அஃபியாவி. "சொல்லுறதெண்டா நான் சொல்ல வேணும்."

பிள்ளைகள், இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். எனக்கு முன்னால் சுலபமான வழிகள் கிடந்தன. பேசாமல் கையெழுத்து வைக்க விடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம் தொழிலில் பாதிப் பேர் செய்வது அதுதான், அந்தப் "பிறகு" வரவே வராது. அல்லது லூசியின் காதில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நல்லபிள்ளையாக ஒதுங்கலாம். அப்போது அஃபியாவி, பின்முற்றத்தில் முறைப்பாடு சொன்னவளாகிவிடுவா. மேயர் அவவை ஊரில் சும்மா விடமாட்டார். அவவின் மறுப்பு அவவுடையது, அதை எடுத்து வழங்க நான் யார்? நான் செய்யக்கூடியது அவவுக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுப்பது மட்டும். ஏறுவதும் ஏறாததும் அவவின் விருப்பம்.

மண்டப வாசலில் லூசியைப் பிடித்தேன். "கையெழுத்துக்கு முதல், ஒரு பிரசவம் அங்கை எப்பிடி நடக்கும் எண்டு மதாம் அஃபியாவி செய்து காட்டட்டும். சனத்துக்கு விளங்கும்," என்றேன்.

"நேரம் இல்லை."

"நீங்கள் டொக்டர். உங்களுக்கும் பாக்க விருப்பமில்லையோ?"

லூசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. ஏதோ இருக்கிறது என்று விளங்கியிருக்க வேண்டும். "சரி, கெதியா முடிக்கச் சொல்லுங்கோ," என்று உள்ளே போனா. அஃபியாவி ஒன்றும் சொல்லாமல் விட்டால் கட்டில் கப்பலேறும். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

மண்டபம் நிறையத் தொண்டர்கள். அஃபியாவி மேடைக்குப் போகவில்லை. முன்னால் வந்து, இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு தாழ்ந்த வாங்கை இழுத்துப் போட்டா. சுற்றிப் பார்த்து, முதல் வரிசையில் இருந்த ழெராரைக் கூப்பிட்டா. "நீங்கள் என்ர மாமி. பின்னாலை இருங்கோ." மண்டபம் சிரித்தது. ழெரார் வெட்கப்பட்டு, மீசையைத் தடவிக்கொண்டு, போய் அவவுக்குப் பின்னால் வாங்கில் இருந்தார். அவ அவர் கைகளை எடுத்துத் தன் தோளுக்குக் கீழாக வைத்தா. எங்கே சாய்வது, எப்போது மூச்சுப் பிடிப்பது, மாமி காதுக்குள் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவா என்றெல்லாம் காட்டினா. சிரிப்பு நின்றுபோயிற்று. லூசி கதிரையை விட்டு எழும்பி கிட்ட வந்து, மருத்துவக் கண்ணோடு குனிந்து பார்த்தா. அந்தப் பெரிய மனிதர் ழெரார், உண்மையாகவே பிள்ளை பிறக்கப் போகிற மாதிரி அவவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே கேட்டார். ஒரு கள்ளமும் இல்லாமல், வேலை தெரிந்தவரின் சந்தேகமாகக் கேட்டார்.

"அப்ப எங்கட கட்டில்லை நான் எங்கை இருக்கிறது?"

இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. மேயர் தோசு தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூசியின் முகம் வெளுத்தது. அந்த மனிசியை நான் இன்றைக்கும் மதிப்பது இதற்காகத்தான், அவ கேள்வியை மூடி மறைக்கவில்லை. நேராகக் கேட்டா.

"மதாம் அஃபியாவி, கட்டில் வேணுமோ, வேண்டாமோ?"

அஃபியாவி என்னைப் பார்க்கவில்லை. மேயரையும் பார்க்கவில்லை. ழெராரின் கைகளை மெதுவாக விலக்கி எழும்பி நின்றா. "வேண்டாம், மதாம்," என்றா. இந்த முறை நன்றி சொல்லவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ழெரார் தன் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். குளிர்காலம் முழுக்க உழைத்தவர், அவருக்கு வலிக்காதா? மேயர், "இதை நாங்கள் ஊரிலை கதைப்பம்," என்றார், குரலில் ஈரமே இல்லை. கையெழுத்து நடக்கவில்லை. லூசிக்கு மருத்துவராக விளங்கிவிட்டது, தலைவியாகத் தாங்க முடியவில்லை. "நீங்கள் என்னட்டை முதலே சொல்லியிருக்க வேணும்," என்றா. அதோடு பல மாதங்கள் என்னோடு வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை இல்லை. பெனின் வேலையை ஒத்திவைத்தார்கள். கட்டில்கள் வேறெங்கோ போயின. நான் செய்தது சரியா என்று வேலை முடிந்து ஓல்னேயில் என் வீட்டுக்குப் போகிற ரயிலில் ஒவ்வொரு நாளும் யோசித்தேன். சரி என்று உங்களுக்கு இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை.

பிறகு எல்லாம் மெல்ல மெல்ல நேர் வந்தது. லூசியே நேரில் போனா. அடுப்படி எழும்பியது, தண்ணீர் வந்தது. அங்கே விளக்குப் போட்டவர் ழெரார்தான். சங்கத்து அறிக்கையில் அதெல்லாம் விபரமாக இருக்கிறது, வேண்டுமானால் வாசியுங்கள். நான் சொல்ல வந்தது அறிக்கையில் இல்லாதது. இதெல்லாம் நேர்வருவதற்கு முன், ஒத்திவைத்த வேலை ஒத்திவைத்தபடியே கிடந்தபோது நடந்தது.

ஒரு வருடம் போயிற்று. பெனினிலிருந்து ஒரு தகவலும் இல்லை, எங்களிடமிருந்தும் இல்லை. நான் மட்டும் அந்தப் பின்முற்றத்தில் சொன்ன "வருவன்" என்ற சொல்லை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் கோடை விடுமுறைக்கு என் சொந்தச் செலவில் விமானச்சீட்டு எடுத்தேன். என் மனிசனுக்குக் கோபம். பிறகு கோபம் ஆறி, பெட்டி அடுக்க உதவிக்கு வந்தார். சொக்லேற், பிஸ்கற், சவர்க்காரம், பிள்ளைகளுக்குச் சட்டை என்று மேலே மேலே அடுக்கினார். நான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன்.

"உனக்கென்ன விசரோ? ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடை போறதோ? மானம் போகும்!"

"இந்த முறை அப்பிடித்தான் போக வேணும்," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. விமான நிலையத்துக் கடையில் ஒரு இனிப்புப் பெட்டியைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தேன். கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

அஃபியாவியின் வீடு பிரசவ நிலையத்துக்குப் பின்னால். நான் போய் இறங்கும்போது முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் அப்படியே நின்றா. பிறகு என் கையைப் பார்த்தா. எனக்குப் பின்னால், நான் வந்த வாகனத்தைப் பார்த்தா.

"என்ன கொண்டு வந்தனீங்கள்?"

"ஒண்டும் இல்லை."

"பிறகு வருமோ? கப்பல்லை?"

"இல்லை. ஒண்டும் வராது. நான் மட்டும்தான்."

அவ கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போட்டா. பிறகு திரும்பி, தன் மொழியில், தெருவுக்கே கேட்கிற மாதிரி உரத்து ஏதோ கத்தினா. நாலு பக்கத்திலிருந்தும் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பயமாகிவிட்டது, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"முந்தி உங்கட ஆக்கள் கிணறு பாக்க வந்தவை, கூரை பாக்க வந்தவை," என்றா. சொல்லும்போதே அவவுக்குக் குரல் உடைந்தது. "பிரான்சிலையிருந்து என்னைப் பாக்க ஒரு ஆள் வந்திருக்கு எண்டு சொன்னன்."